தண்ணீர் போதுமானது

“ஏம்புள்ள, கெணத்துக்குள்ள குந்திக்கிட்டுப் பொஸ்தகமா? நீ படிச்சு முடிச்சு வானத்துல ஓட்ட போட்டு மழைய எறக்கப் போறியாக்கும்?”

என் பெரியப்பா இதைக் கேட்டபோது கிணற்று மேட்டில் நின்றிருந்தார். நான் அவருக்கு எட்டு ஆள் ஆழத்தில், வற்றிய கிணற்றின் அடிப்பாறையில் உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம் ஒரு பித்தளைக் குடம், மடியில் வரலாற்றுப் புத்தகம், வலது கையில் ஒரு கொட்டாங்கச்சி. பாறை வெடிப்பிலிருந்து கசிகிற தண்ணீர் உள்ளங்கை அளவுக் குழியில் வந்து சேரும். சேர்ந்ததும் கொட்டாங்கச்சியால் வழித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு தடவை வழிப்பதற்கும் அடுத்த தடவைக்கும் நடுவே அரைப் பக்கம் படிக்கலாம். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும். மௌரியர்கள் ஒரு குடம், குப்தர்கள் ஒரு குடம், முகலாயர்களுக்கு மட்டும் இரண்டு குடம் ஆயிற்று. வெளியே நெருப்பாகக் கொட்டுகிற வெயிலில் அந்தக் கிணற்றின் அடிதான் ஊரிலேயே குளிர்ந்த இடம். அதைவிட நல்ல படிப்பறை எனக்குப் பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை.

மேலே குடங்களை வரிசையாக வைத்து முறைக்குக் காத்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கீழிருந்து பார்க்க வானம் ஒரு தோசைக்கல் அளவுக்குத்தான் தெரிந்தது. அதன் விளிம்பில் பெரியப்பாவின் தலைப்பாகை. எனக்காகப் பேச அந்த ஊரில் ஒரே ஒருத்திதான் இருந்தாள், என் அண்ணி. ஆனால் அவள் மருமகள். மாமனார் முறையில் இருக்கிறவர் எதிரே வாய் திறக்கக் கூடாது. ஆகவே கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்த காலிக் குடத்தை ஒரு சுண்டு சுண்டினாள். அது கிணற்றுச் சுவரில் மோதி ஊருக்கே கேட்கும்படி ‘ணங்’ என்றது. அன்றைக்கு அவளால் சொல்ல முடிந்த பதில் அதுதான்.

அது எழுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் நல்லம்பள்ளிக்கும் பென்னாகரம் சாலைக்கும் நடுவே, ஒரு கரட்டுக் குன்றை ஒட்டி இருக்கிறது. தொடர்ந்து இரண்டு வருஷமாக மழை எங்கள் ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சித்திரை பிறக்கும்போதே புளியமரங்கள்கூட இலையைச் சுருட்டிக்கொண்டன. மாடு வைத்திருந்தவர்கள் சந்தைக்கு ஓட்டினார்கள். விற்க மனம் வராதவர்கள் பென்னாகரம் காட்டுப் பக்கம் ஓட்டிப் போய்ப் பட்டி போட்டார்கள். காலை பத்து மணிக்கு மேல் தார்ச்சாலையில் கால் வைக்க முடியாது. புரச இலைகளை அடுக்கிப் பாதத்தில் நாரால் கட்டிக்கொண்டு நடந்தோம். குழந்தையைக் குளிப்பாட்டுவதென்றால் அண்டாவுக்குள் நிற்க வைத்துக் குளிப்பாட்டி, அந்தத் தண்ணீரைக் கன்றுக்குட்டிக்கு வைப்போம். பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, வெயிலில் கவிழ்த்துவிட்டால் கழுவியாயிற்று என்று பொருள். களிக்கு உலை வைக்கிற தண்ணீரை என் அம்மா சொம்பால் அளப்பதை விட்டுவிட்டு டம்ளரால் அளக்க ஆரம்பித்திருந்தாள்.

என் வீட்டில் எனக்கு முன்னால் எழுத்து அறிந்தவர் யாரும் கிடையாது. அப்பா பஸ்ஸில் ஏறும் முன் பலகையில் என்ன ஊர் போட்டிருக்கிறது என்று என்னைத்தான் கேட்பார். நான் சொன்ன பிறகும் நடத்துநரிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். நான்கு மைல் நடந்து போய்ப் படித்த உயர்நிலைப் பள்ளியில் என் வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள். மூன்று பேருக்கும் ஒரே புத்தகம். மற்ற இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நேராகப் படிப்பார்கள். கடைசியாக வந்து சேர்ந்த நான் எதிரே உட்கார்ந்து தலைகீழாகப் படிப்பேன். முதலில் கண் வலித்தது. ஆறு மாதத்தில் எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. இது பின்னால் உதவும் என்று அப்போது தெரியாது.

அந்தக் கோடையில் நான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தேன். இன்னும் ஒரே வருஷம், பதினோராம் வகுப்பு படித்தால் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. கிணற்றுக்குள் நான் படித்துக்கொண்டிருந்தது அந்த வருஷத்துப் பாடங்கள்தான். படித்து முடித்த ஒரு அக்காவிடம் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். ஆனால் அப்பாவும் அம்மாவும் பஞ்ச நிவாரணச் சாலை வேலைக்குக் கல் உடைக்கப் போனார்கள். அண்ணன் பெங்களூரில் கட்டட வேலை செய்தான். வீட்டுக்குத் தண்ணீர் என்பது நானும் அண்ணியும் மட்டுமே பார்க்க வேண்டிய வேலை. ஒரு நடைக்கு அரை நாள் போய்விடும். ஒரு சாயங்காலம் அப்பா உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள ஊருக்குத் தண்ணி வந்துட்டா நீ போ சாமி. வரலேன்னா கொடத்த எடு. அந்தப் புள்ள ஒருத்தியா எத்தன கொடந்தான் தூக்குவா?” அவர் கோபமாகச் சொல்லவில்லை. பள்ளி திறக்க ஐந்து வாரம் இருந்தது.

அண்ணி கம்பைநல்லூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் பக்கம் கட்டிக்கொண்டு வந்த பெண்ணை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் அவள் எல்லோருக்கும் ‘கம்பைநல்லூரு’. அவள் ஊரில் ஆறு உண்டு. கோடையில் ஆறு வற்றினாலும் மணலை இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் நிற்கும். கல்யாணமான மூன்றாம் நாள் காலை, வீட்டிலிருந்த அண்டாத் தண்ணீர் முழுவதையும் காய வைத்து, சீயக்காய் தேய்த்துத் தலை முழுகிவிட்டு, ஈரக் கூந்தலோடு வாசலுக்கு வந்து நின்றாள். தெருவே கூடிவிட்டது. “ஒரு வாரத் தண்ணிய ஒரு தலையில ஊத்திட்டாளே!” என்று எதிர்வீட்டுக்காரி மார்பில் கை வைத்தாள். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரியாததற்குக் காரணம் இருந்தது.

எங்கள் ஊரில் தண்ணீர் இல்லை என்று வெளியூராரிடம் சொல்வது பெரிய மானக்கேடு. தண்ணீர் இல்லாத ஊருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அதனால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தால், அது யார் வீட்டுச் சம்பந்தமாக இருந்தாலும், ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நான்கு நாள் அக்கம்பக்கத்து ஊர்க் கிணறுகளிலிருந்தும் தண்ணீர் சுமந்து பெரியப்பா வீட்டுச் சிமென்ட் தொட்டியை விளிம்பு வரை நிரப்புவார்கள். வந்தவர்கள் கால் கழுவ ஆளுக்கொரு சொம்பு நிறையத் தண்ணீர். வாசலில் புழுதி எழாமல் தெளித்த தண்ணீர். ஊர்ப் பெரியதனம் பெரியப்பாவுடையது என்பதால் விருந்தாளிகளைத் தொட்டிப் பக்கம் அழைத்துப் போய் நிறுத்துவதும் அவர் வேலை. அண்ணியின் அப்பா அந்தத் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டு அளைந்துவிட்டு, “இந்த ஊருக்குத் தாராளமாப் பொண்ணு குடுக்கலாமுங்க” என்று அந்த இடத்திலேயே தட்டு மாற்றச் சம்மதித்தாராம். இதை அண்ணி அழுது சொல்லி நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்: “எங்கப்பாரு உங்கண்ணன ஏறெடுத்தும் பாக்கல பாப்பா. தொட்டியப் பாத்துதான் என்னயக் குடுத்தாரு. நாயமாப் பாத்தா அந்தத் தொட்டி கையாலதான் நான் தாலி வாங்கியிருக்கணும்.”

வைகாசி தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது. குடிதண்ணீர் இல்லாத ஊர்களுக்குப் பஞ்சாயத்து யூனியனிலிருந்து பாறையைத் துளைக்கிற மிஷின் அனுப்பி, குழாய்க்கிணறு போட்டுக் கைபம்பு வைக்கப் போகிறார்களாம். எந்தெந்த ஊர் என்று எழுதிக்கொள்ள ஓவர்சியர் வருகிறாராம். ஊருக்கு உயிர் வந்தது. பெரியப்பா அன்றே ஆட்களை அனுப்பி எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டார்: “கவர்மெண்டு ஆளு வர்றாரு. நம்ம ஊரு மானம் போயிரக் கூடாது. தொட்டிய ரொப்புங்க.” இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு ஒருவருக்கும், பத்தாவது படித்த எனக்கும்கூட, அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. விருந்தாளி வந்தால் தொட்டி நிறைய வேண்டும். அது கையும் காலும் பழகிய வழக்கம். நான் மட்டும் இரவிலும் நடந்து பதினோரு குடம் சுமந்தேன். கடைசிக் குடத்தை ஊற்றும்போது தொட்டி வழிந்து என் காலை நனைத்தது. அந்தக் குளிர்ச்சிக்காக அங்கேயே ஒரு நிமிஷம் நின்றேன்.

ஓவர்சியர் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார். பெரியப்பா தன் கையாலேயே சொம்பை எடுத்துக் கொடுத்தார். அவர் முகம் கழுவினார், கால் கழுவினார், மறுபடியும் முகம் கழுவினார். நீர்மோர் இரண்டு டம்ளர் குடித்தார். தெளித்த வாசலையும் தொட்டியையும் பார்த்து, “பரவால்லீங்களே, உங்க ஊரு குளுகுளுன்னு இருக்குதே!” என்றார். பெரியப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. கிணற்றுப் பக்கம் போகலாமா என்று ஓவர்சியரும் கேட்கவில்லை, வாங்க என்று பெரியப்பாவும் கூப்பிடவில்லை. ஓவர்சியர் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பினார். “மனுசன் மனசு குளுந்து போயிருக்காரு. மொத மிஷினு நமக்குத்தான்” என்றார் பெரியப்பா.

இரண்டு வாரம் கழித்து மிஷின் லாரி வந்தது. எங்கள் ஊர் விலக்கில் நாங்கள் எல்லோரும் போய் நின்றிருந்தோம். அது திரும்பவே இல்லை. புழுதியை எங்கள் முகத்தில் வாரிப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டது. பள்ளி திறக்க இன்னும் இரண்டு வாரம். அன்றிரவு வாங்கி வைத்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். “இருக்கட்டும் பாப்பா, பொஸ்தகம் தண்ணியா குடிக்குது?” என்று மட்டும் சொன்னாள்.

ஊர் கூடி, மழைச்சோறு எடுப்பது என்று முடிவு செய்தார்கள். மழை பொய்த்துப் போனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்கிற சடங்கு அது. வீடு வீடாகப் போய்க் களியும் கூழும் சோறும் வாங்கி ஒரே பானையில் கலந்து, உப்பில்லாமல் ஆளுக்கொரு கவளம் உண்டு, காலிக் குடத்தையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு ‘இந்த ஊரில் பிழைக்க முடியாது, தேசாந்திரம் போகிறோம்’ என்று அழுதபடி ஊர் எல்லை வரை நடப்பார்கள். எல்லைக் கல்லருகே ஊர்ப் பெரியவர் வழிமறித்து, “போவாதீங்க ஆத்தா, மழ வரும்” என்பார். “வருமா?” என்று பெண்கள் கேட்பார்கள். “வரும்” என்பார். மூன்று தடவை இப்படிக் கேட்டு, மூன்று தடவை பதில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அவர்கள் பட்ட துயரத்தைப் பார்த்து வானம் மனமிரங்கும் என்பது நம்பிக்கை. அந்த வருஷம் பானையைத் தூக்கி முன்னால் நடக்கிற முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மாவுக்குக் கல் தெறித்துக் காலில் காயம். ஆகவே பானை அண்ணியின் தலைக்குப் போயிற்று.

எல்லைக் கல்லில் பெரியப்பா குடை பிடித்துத் தயாராக நின்றிருந்தார். முதல் தடவை கேட்டோம், வரும் என்றார். இரண்டாம் தடவை கேட்டோம், வரும் என்றார். மூன்றாம் தடவை அண்ணி கேட்கவில்லை. முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்: “பாப்பா, உங்க பெரியப்பாரக் கேட்டுச் சொல்லு. மழ வரும்னாரு, சரி. மிஷினு ஏன் வரல?”

பெரியப்பா என்னைப் பார்த்தார். “அது எனக்கெப்புடித் தெரியும்? யூனியன் ஆபீசுலதான் கேக்கணும்னு சொல்லு.”

“அப்ப யூனியன் ஆபீசுக்கே போறோம்னு சொல்லு பாப்பா. எப்புடியும் ஊர வுட்டுத்தானே கெளம்பியிருக்கறோம்.”

சொல்லிவிட்டு அண்ணி எல்லைக் கல்லைத் தாண்டினாள். சடங்கில் அதுவரை யாரும் தாண்டாத கல் அது. பின்னால் ஒரு நிமிஷம் ஒரு காலும் அசையவில்லை. அழுகைகூட நின்றுபோயிற்று. பிறகு என் அம்மா நொண்டிக்கொண்டே தாண்டினாள். “ஏண்டி நிக்கிறீங்க? பானை போற எடத்துக்குத்தானே போவணும்” என்றாள். அவ்வளவுதான். நாற்பது பெண்களும் காலிக் குடங்களோடு தார்ச்சாலையில் இறங்கினார்கள். “ஏய், நில்லுங்க! ஆத்தா, நில்லுங்க! மழ வரும்னு சொல்லிட்டனே!” என்று கத்திக்கொண்டே பெரியப்பா குடையோடு ஓடி வந்தார். யாரோ ஒருத்தி திரும்பி, “வரட்டுமுங்க, வந்தா எங்களத் தேடிக்கிட்டு யூனியன் ஆபீசுக்கு வரச் சொல்லுங்க” என்றாள். அந்த வெயிலிலும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். வழியெல்லாம் புரச மரங்களில் இலை பறித்துக் காலில் கட்டிக்கொண்டோம்.

யூனியன் ஆபீஸ் வராந்தாவில் நாங்கள் போய் நின்றபோது உள்ளே டைப் அடிக்கிற சத்தம் நின்றுபோனது. ஒரு கிளார்க் பெரிய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, “உங்க ஊரு லிஸ்ட்லயே இல்லியேம்மா” என்றார். ஏன் இல்லை என்று அண்ணி கேட்டாள். “அதெல்லாம் பொம்பளைங்களுக்குச் சொன்னாப் புரியாது” என்றார். பதிவேடு அவர் பக்கம் திரும்பி மேசை மேல் திறந்து கிடந்தது. நான் எதிரே நின்றிருந்தேன். எங்கள் ஊரின் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. விரலை வைக்காமல் கண்ணாலேயே அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கட்டம் வரை போனேன். பிறகு சத்தமாகப் படித்தேன்: “குடிநீர் போதுமானது. கோடையிலும் தொட்டி நிறைந்துள்ளது.”

கிளார்க் பதிவேட்டைப் பட்டென்று மூடினார். “யாரு நீ? தலகீழா எப்புடிப் படிக்கிற?”

“எனக்கு அப்படித்தான் சார் படிச்சுப் பழக்கம்” என்றேன்.

அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். பானையை இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “தொட்டியா! மறுபடியும் அந்தத் தொட்டியா! என்னய ஊருக்குள்ள இழுத்துக்கிட்டு வந்த தொட்டி மிஷின வெளிய தொரத்திருச்சே!” மற்ற பெண்களுக்கும் மெல்லப் புரிந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். பதினோரு குடம் சுமந்த என் தோள் அப்போதுதான் வலித்தது. என் படிப்பை நிறுத்துகிற தண்ணீரை நானே சுமந்து ஊற்றியிருக்கிறேன்.

சத்தம் கேட்டு யூனியன் கமிஷனரே தன் அறையிலிருந்து வெளியே வந்தார். பின்னாலேயே ஓவர்சியர். “நான் கண்ணால பார்த்துதான் எழுதினேன் சார். அந்தத் தண்ணியிலதான் நானே முகம் கழுவினேன்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் சொல்ல முயன்றதில் கமிஷனருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஊர்ப் பெரியவர் யாராவது வந்திருக்கீங்களா?” என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். வாசல்படியில் மூச்சு வாங்க வந்து நின்றிருந்தார் பெரியப்பா. நாங்கள் சொல்வது உண்மையில்லை என்று அவர் தலையசைத்துவிட்டால் எங்கள் கதை அத்தோடு முடிந்துவிடும். அண்ணி முந்தானையை முகத்திலிருந்து விலக்கினாள். கல்யாணமாகி வந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்துப் பேசினாள்.

“மாமா, நீங்களே சொல்லிருங்க. அந்தத் தொட்டித் தண்ணி ஏதுங்க?”

பெரியப்பா குடையை மடக்கினார். தலைப்பாகையை அவிழ்த்தார், முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அவர் வாழ்நாளில் வெளியார் யாரிடமும் சொல்லியிராத வார்த்தை அது. எத்தனையோ சம்பந்தங்களை அந்த வார்த்தையைச் சொல்லாமலேயே முடித்து வைத்தவர் அவர். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தண்ணி இல்லீங்க. எங்கூர்ல தண்ணியே இல்லீங்க. அது இந்தப் பொம்பளைங்க நாலு நாளு சொமந்து ரொப்புனது. வந்தவரு கால்கூடக் கழுவாமத் திரும்பிப் போவக் கூடாதுன்னு நாந்தான் ரொப்பச் சொன்னேன்.”

அந்த வராந்தாவில் அவரை அதற்கு முன்னும் பின்னும் பார்த்திராத உயரத்தில் பார்த்தேன். கமிஷனர் ஓவர்சியரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “சரி, இதை அப்படியே மனுவா எழுதிக் கொடுங்க. யார் எழுதுவாங்க? வெளியே மனு எழுதறவர் இருக்கார், கூப்பிடவா?” என்றார்.

“எதுக்குங்க வெளியாளு?” என்றார் பெரியப்பா. “எங்கவூட்டுப் புள்ள எழுதும்.”

வராந்தாத் தரையில் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் ஊரில் எத்தனை வீடு, ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம், கிணற்றில் இறங்க எத்தனை படி, எந்தப் படி உடைந்திருக்கிறது, தொட்டி நிறைந்த கதை, எல்லாம் எழுதினேன். எழுதி முடித்து எழுந்து நின்று வாசித்தேன். நடுவில் ஒரு இடத்தில் அம்மா, “தொட்டி ரொப்புனப்ப அந்த ஒடஞ்ச படியில நான் வுழுந்தத எழுதுனியா?” என்று கேட்டாள். அதையும் சேர்த்தேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்து கைநாட்டு வைத்தார்கள். முதல் கைநாட்டு அண்ணியுடையது. கடைசியாகப் பெரியப்பா கட்டை விரலை நீட்டினார். “என் பேர நீ எழுது புள்ள, நான் மேல வெக்கிறேன்” என்றார். அவர் பெயரை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. கையெழுத்து நன்றாக வரவேண்டும் என்று மெதுவாக எழுதினேன்.

கமிஷனர் மறுநாளே சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். தொட்டி அடி வெடித்துக் காய்ந்து கிடந்தது. கிணற்று மேட்டில் நின்று குனிந்து பார்த்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அண்ணி, கிணற்றின் அடியில் இருந்த என்னிடம் குழியில் ஊறின தண்ணீரைக் கொட்டாங்கச்சியோடு அப்படியே மேலே அனுப்பச் சொல்லி வாங்கி, சேறு மிதக்க அவர் கையில் கொடுத்தாள். “இவ்ளோதாங்க, அடுத்தது ஊற நேரமாவும். குடிங்க” என்றாள். அவர் குடித்தார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

பள்ளி திறக்க ஐந்து நாள் இருக்கும்போது மிஷின் வந்தது. மூன்று தெருவும் கூடுகிற இடத்தில் துளைத்தார்கள். முதல் நாள் முழுக்க வெள்ளைப் புழுதிதான் வந்தது. ஊரே மாவு மில்லுக்குள் புகுந்து வந்ததுபோல் ஆனது. இரண்டாம் நாளும் புழுதி. யாரும் வேலைக்குப் போகவில்லை. அப்பா ஓரமாக உட்கார்ந்து என்னையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மதியம் மிஷின்காரர் துளையின் வாயில் கையை நீட்டி, வந்த தூளை எடுத்துப் பிசைந்து பார்த்தார். அது உருண்டையாக நின்றது. “ஈரம்” என்றார். அடுத்த குழாயை இறக்கி, துளைக்குள் மிஷின் காற்றைத் திறந்துவிட்டார்கள். பூமி ஒரு தடவை இருமியது. பிறகு சேறும் தண்ணீருமாக ஒரு தூண் எழும்பிப் புளியமரத்துக்கு மேலே போய் உடைந்து, எங்கள் எல்லோர் மேலும் கொட்டியது. இரண்டு வருஷம் கழித்து எங்கள் ஊரில் மழை பெய்தது, கீழேயிருந்து. பெண்கள் குடத்தை மறந்துவிட்டு முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பெரியப்பா தலைப்பாகையோடு நனைந்துகொண்டு, “வுடுங்கப்பா, இன்னுங் கொஞ்சம் வுடுங்கப்பா!” என்று மிஷின்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அப்பா என்னிடம் வந்தார். என் கையிலிருந்த குடத்தை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

பள்ளி திறக்கிற திங்கட்கிழமைக்குள் கைபம்பு பொருத்திவிட்டார்கள். அன்று விடிந்ததும் அண்ணி எனக்கு ஒரு குடம் முழுவதையும் தலையில் ஊற்றினாள். “ஒரு வாரத் தண்ணிய ஒரு தலையில ஊத்துறேன். எவ வந்து கேக்குறான்னு பாக்குறேன்” என்று எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். எதிர்வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே இன்னொரு குடம் கொண்டுவந்தாள். ஈரத் தலையோடு நான்கு மைல் நடந்தேன். பள்ளி போய்ச் சேர்ந்தபோதும் சடை காயவில்லை.

அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். பேப்பரில் என் நம்பர் வந்த அன்று பெரியப்பா அந்தப் பேப்பரை வாங்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். “வானத்துல ஓட்ட போடுமான்னு கேட்டேன். மேல எதுக்கு, கீழ போட்டாப் பத்தாதான்னு எங்கவூட்டுப் புள்ள பூமியில போட்டுருச்சு” என்று அவரே சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு பெண் வீட்டார் வந்தால் தொட்டிப் பக்கம் அழைத்துப் போவதில்லை. நேராகக் கைபம்புக்கு அழைத்துப் போய், அவர்களையே அடிக்கச் சொல்வார். “இந்தத் தடவ நெசமாவே காட்டுறாரு” என்று அண்ணி என் காதில் சொல்வாள். இப்போதெல்லாம் அவள் அவர் எதிரே முகத்தை மறைப்பதில்லை. பம்பு மக்கர் செய்தால் யூனியன் ஆபீசுக்கு ஆள் அனுப்புவது அவள்தான். அந்தக் கிளார்க் இப்போது அவளுக்கு நாற்காலி போடுகிறார்.

பள்ளிக்குப் பிறகு பயிற்சி முடித்து நான் கிராம சேவிகை ஆனேன். இன்னொரு யூனியனில் வேலை. என் மேசையில் பேனாக்களைப் போட்டு வைப்பது அந்தக் கொட்டாங்கச்சியில்தான். பாறையில் தேய்ந்து ஒரு பக்க விளிம்பு காகிதம்போல் மெலிந்திருக்கிறது. இந்தக் கோடையும் கடுமையானது. போன வாரம் குடிதண்ணீர் இல்லாத ஊர்களின் பட்டியலுக்கு விவரம் எடுக்க என்னை அனுப்பினார்கள். பேனாக்களைக் கொட்டிவிட்டு அந்தக் கொட்டாங்கச்சியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்த ஊர் எல்லையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் புழுதி எழவில்லை. வாசலெல்லாம் ஈரம், பெரிய பெரிய கோலம். ஊர்ப் பெரியவர் வீட்டு முன்னால் ஒரு தொட்டி, விளிம்பு வரை தண்ணீர். அவர் தன் கையாலேயே சொம்பை நீட்டினார். கதவுக்குப் பின்னால் நின்ற பெண்களின் தோளைப் பார்த்தேன். சேலை ஒரு பக்கமாக நனைந்து, குடம் அழுத்திய தடத்தோடு இருந்தது. சொம்பை வாங்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் கீழே வைத்தேன்.

“கிணறு எந்தப் பக்கமுங்க?” என்று கேட்டேன்.

“எதுக்கும்மா இந்த வெயில்ல? உக்காருங்க, மோர் குடிங்க” என்றார். நான் கதவுப் பக்கம் பார்த்தேன். ஒரு இளம்பெண் மட்டும், முகத்தை மறைத்த முந்தானைக்கு அடியிலிருந்து, விரலைத் தெற்கே நீட்டினாள். நான் நடந்தேன். பெரியவர் பின்னாலேயே ஓடி வந்தார். “ஏம்மா, நீங்க ஆபீசர் அம்மா, படிச்ச புள்ள. உங்களால இந்தக் கெணத்துலயெல்லாம் எறங்க முடியுமா?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொட்டாங்கச்சியோடு நான் மூன்று படி இறங்கியிருந்தேன்.